பாதிக் கன்னத்தில் நின்ற கத்தி

என் அக்கா புருஷனிடம் முகம் மழிக்க உட்காருகிறவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். ஒரு கன்னம் முடிந்ததும் கத்தி நின்றுவிடும். அத்தான் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். "பாய்காட்னா என்ன நினைச்சீங்க? அது ஒரு ஆளோட பேரு சார்!" கதை முடியும்வரை மறு கன்னத்தில் நுரை காயும். சொல்வதில் பாதி உண்மை, பாதி சொந்தச் சரக்கு. எது எது என்று அவருக்கே தெரியாது. அவர் சலூன் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அவர் மகளும் அதே கடையில்தான் முடி வெட்டுகிறாள். அவள் விரும்பும் பையனின் அப்பா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சம்மதமா இல்லையா என்று சொல்வதாக ஏற்பாடு. அவள் உடை மாற்ற வீட்டுக்குப் போயிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க அத்தான்," என்று கும்பிட்டேன். மண்டையை மண்டையை ஆட்டினார்.

வெளியே மழை கொட்டியது. குடையை உதறிக்கொண்டு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்தது. கத்தி நின்றது. போச்சுடா!

"மழை கொட்டினா வெள்ளைக்காரன் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்னு ஏன் சொல்றான் தெரியுமா? அப்பல்லாம் கூரை மேல நாயும் பூனையும் தூங்கும். மழை பெஞ்சா வழுக்கி விழும்."

பெரியவர் நுரையோடு நிமிர்ந்தார். "யாருய்யா சொன்னது? வெள்ளத்துல செத்து மிதந்ததைப் பார்த்துச் சொன்னது அது!"

"சும்மா அளக்காதீங்க சார்."

"நானா அளக்கிறேன்? நாயைக் கூரையில ஏத்தினது நீதானே!"

வார்த்தை தடித்தது. "சம்பந்தம் பேசப் போற நேரத்துல இவன்கிட்டயா வந்து மாட்டணும்!" என்று அவர் துண்டை உருவி எறிந்தார்.

சம்பந்தமா? நான் கல்லாவை விட்டு எழுந்தேன். அத்தானுக்கு முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். அவள் போட்டோவில் பார்த்திருந்த பையனின் அப்பா முகம், பாதி நுரையில்.

"உட்காருங்க மாமா. பாதி முகத்தோட எங்க போவீங்க?"

மாமா என்றதும் அவருக்கும் விளங்கிவிட்டது. பொத்தென்று உட்கார்ந்தார். அப்பாவிடமிருந்து கத்தியை வாங்கி மழிக்கத் தொடங்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் சொன்னது கட்டுக்கதை. அது எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது."

தொண்டைக்கு வந்ததும் கத்தி நின்றது. அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்!

"சொல்லுங்க மாமா, சம்மதம்தானே?"

அவரால் தலையாட்டவும் முடியாது. "ம்," என்றார்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அந்த மனுஷன் சும்மா இருப்பாரா?

"சம்பந்தி, ஹனிமூன்னு ஏன் சொல்றாங்க தெரியுமா?"

"முதல்ல என் கழுத்தை முடிக்கச் சொல்லுங்க," என்றார் சம்பந்தி.