ஸ்டூலின் பன்னிரண்டு சுற்று

ஸ்பேனரை நட்டில் பொருத்தி, இடது உள்ளங்கையால் டாம் என்னும் டிரம்மின் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, அவர் இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். பிறகு டாமை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அதன் விளிம்பின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து, கண்ணாடிக் குழலுக்குள் இருந்த நீர்க்குமிழி நட்டநடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. பக்கத்து டாமுக்கும் அதே வைத்தியம். கடைசியாக ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு தட்டு தட்டினார். கை எட்டியது, எதுவும் அசையவில்லை. எழுந்துகொண்டார்.

தொழிலில் அவர் குழாய் மேஸ்திரி. டிரம்ஸ் அடிப்பது அவர் மனைவி. ஆறு பேர் கொண்ட அந்த இசைக்குழுவில் எல்லோரும் அவரை ஸ்பேனர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இறுக்கியதை அவரைத் தவிர வேறு யாராலும் கழற்ற முடியாது என்பதால் வந்த பட்டம். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் மனைவிக்காக அந்த டிரம்ஸைப் பழைய சாமான் கடையிலிருந்து துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தது அவர்தான். இரண்டு டாம்களையும், பெடலை மிதித்துக் காலால் அடிக்கும் பாஸ் டிரம்மின் முதுகில் நிற்க வைக்கும் தாங்கி மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, குழாய்க்காரன் வீட்டில் குழாய்க்கா பஞ்சம்? முக்கால் அங்குலக் குழாயை அறுத்து, மரை வெட்டி, வளைவுகள் பொருத்தித் தானே ஒரு தாங்கி செய்தார். அன்று ஸ்டூலில் உட்கார்ந்து உயரம் பார்த்து வைத்த அளவுதான் இன்றுவரை. ஒவ்வொரு காலும் எங்கே நிற்க வேண்டும் என்று விரிப்பின் மேல் நாடா ஒட்டி வைத்திருந்தார். இருபத்து நான்கு வருடத்தில் விரிப்பு மூன்று முறை மாறியிருக்கிறது. நாடாவின் இடம் ஒரு நூல்கூட மாறியதில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து பஸ் பிடித்து வர ஆறரை ஆகிவிடும். அவர் அதற்கு முன்பே வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், ஒத்திகைக் கூடத்தின் மாடிக்குத் தூக்கி, மாட்டி முடித்துவிடுவார். அவள் படியேறி வருகிற நேரத்தில் அவர் வேனை ஓரங்கட்டக் கீழே இறங்குவார். இதுதான் வருடக்கணக்காக ஏற்பாடு.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் நடந்தது. அவர் திரும்பி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தபோது மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் மடிக்கு முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மில் தொடங்கி, முதல் டாம், இரண்டாம் டாம், தரையில் நிற்கும் பெரிய டாம் என்று உருண்டு இறங்கும் ஓர் இடம் வரும். அவள் உருட்டினாள். இரண்டாம் டாமில் தோலின் சத்தம் வரவில்லை. விளிம்பில் குச்சி பட்டு, 'டக்' என்றது. மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் 'டக்'.

ஒத்திகை முடிந்ததும் கீபோர்டு வாசிப்பவர் அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். குழுவின் பொறுப்பு கீபோர்டுக்காரருடையது. நல்ல மனிதர்தான். விஷயத்துக்கு வருமுன் வேனின் டயரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார்.

"அண்ணே, அக்கா ரெண்டாவது டாமுக்குப் போறப்பல்லாம் விளிம்புல அடிக்கிறாங்க. ஒண்ணு ரெண்டு தடவைன்னா நானே கண்டுக்க மாட்டேன். மூணு மாசமா இப்படித்தான் இருக்கு. சனிக்கிழமை நிகழ்ச்சி வரைக்கும் பாப்போம். அதுலயும் இப்படின்னா அக்காவுக்குப் பதிலா டிரம் மெஷினைத்தான் வெச்சாகணும்."

"டாம் ஆடுதோ என்னவோ. நான் பாக்கறேன்."

"உங்க நட்டாண்ணே ஆடும்? கட்டடமே ஆடினாலும் அது ஆடாது."

வேனில் வரும்போது அவளிடம் அவர் மெஷினைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் பெட்டி ஒரு மாதமாகக் கூடத்தின் மூலையில், உறைகூடப் பிரிக்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருந்தது.

அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டே, "இஸ்திரி போட்ட கைங்க. அது அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

இஸ்திரிதான் காரணம் என்று டாக்டரும் சொன்னார், வார்டு ஆயாக்களும் சொன்னார்கள். அவளும் கேட்டு வாங்கிக்கொண்டு துணி மடிக்கும் மேஜைக்கு மாறிவிட்டாள். மூன்று மாதமாக இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. வலி மட்டும் போகவில்லை. போதாக்குறைக்கு, வாரத்தில் வியாழக்கிழமை காலைதான் கை சுத்தமாக மேலே போகாது. வலி எங்கே இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். முந்தைய நாள் என்ன செய்தாய் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை. சமையலறை மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்க அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பாதிவரை தூக்கிய கையைக் கீழே இறக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அவருக்கு ஒரு வீட்டில் கைகழுவும் தொட்டியை இறக்கி மாட்டுகிற வேலை. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற டீச்சர். குள்ளமான உருவம், வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. முன்பு வந்த ஆள் தொட்டியைத் தன் நெஞ்சுக்கு நேராக மாட்டிவிட்டுப் போனானாம். கை கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாக ஓடி அக்குளில் போய் நிற்கிறதாம்.

அவர் தன் வழக்கப்படியே ஆரம்பித்தார். டேப்பை எடுக்கவே இல்லை.

"டீச்சரம்மா, இப்படி வந்து நில்லுங்க. வீட்டுக்குள்ள செருப்புப் போடுவீங்கன்னா போட்டுக்கிட்டே நில்லுங்க. வெறைப்பா நிக்காதீங்க, எப்பவும் நிக்கிற மாதிரி. இப்பக் கை கழுவற மாதிரி வைங்க."

அந்தம்மா கையை வைத்தார். அவர் முழங்கைக்குக் கீழே சுவரில் பென்சிலை வைத்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஆளை நிறுத்திப் பார்க்காமல் அவர் ஒரு தொட்டியையும் மாட்டியது கிடையாது.

டீச்சரம்மா சொன்னார்: "இந்த ஒரு வார்த்தைய அந்த ஆளு கேக்கல பாருங்க. அவனே நின்னான், அவனே கைய வெச்சுப் பாத்தான், சரியா இருக்குன்னுட்டுப் போயிட்டான். அவனுக்குச் சரியாத்தான் இருந்துது."

பென்சில் சுவரிலேயே நின்றுவிட்டது.

"என்னாச்சு? அளவு தப்பா?" என்றார் டீச்சரம்மா.

"உங்களுக்கு இல்லம்மா" என்றார் அவர்.

தொட்டியை இறக்கி மாட்டி, தண்ணீர் திறந்து, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். வேனில் உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வரச் சொன்னார். நீ வரும்வரை எதையும் மாட்ட மாட்டேன் என்று அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு தடவை கேட்டாள்.

அவள் வந்து பார்த்தபோது விரிப்பின் நடுவில் ஸ்டூல் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் சுவரோரமாக அடுக்கியபடி கிடந்தது. நாடாக்களையும் காணோம், பிய்த்திருந்தார்.

"மத்தது எங்கங்க?"

"இருக்கு. நீ முதல்ல உக்காரு."

அவள் பையை வைத்தாள். உட்காரும் முன், யோசிக்காமல், கதவைத் திறந்தால் செருப்பைக் கழற்றுவதுபோல, ஸ்டூலின் இருக்கையைப் பிடித்துச் சுழற்றினாள். அடியில் இருந்த மரைக்கம்பி கிறீச் கிறீச் என்று உள்ளே இறங்கியது. அவர் எண்ணினார். பன்னிரண்டு சுற்று. பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

அவர் டேப்பை எடுத்து அளந்தார். மூன்று விரல் அகலம் இறங்கியிருந்தது.

"எப்பவும் இப்படித்தான் பண்றியா?"

"ஆமா. கால் பெடல்ல படணுமில்ல?"

"எத்தனை வருஷமா?"

"ஸ்டூல் வந்த நாள்லேர்ந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஸ்டூல எறக்கறதுக்கெல்லாம் மனுவா போடுவாங்க?"

அவர் ஆறடிக்கு அரை விரல் குறைவு. அவள் அவருடைய தோள் உயரம்கூடக் கிடையாது. ஸ்டூலைத் தன் காலுக்கு ஏற்றி, டாம்களைத் தன் கைக்கு ஏற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மட்டம் பார்த்து வைத்தது அவர். வேனில் ஏற்றும்போது இருக்கையை முழுதாகத் திருகிக் கழற்றிவிடுவதால், அது இறங்கியிருந்தது அவர் கண்ணில் பட்டதே இல்லை. அவள் வந்து ஸ்டூலை இறக்கியதும் டாம்கள் மூன்று விரல் மேலே போய்விடும். அவர் கையை விட அவள் கை ஒரு சாண் குட்டை என்பது அதற்கு மேல். இளவயதில் தோள் அதைச் சமாளித்தது. ஐம்பத்து மூன்றில் முடியாதென்று சொல்லிவிட்டது.

"டாம் ஒசரமா இருக்குன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"டாம்னா ஒசரமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஸ்கூல் பேண்டுல கத்துக்கிட்டதும் பெரிய பசங்க அளவுக்கு வெச்சதுலதான்." பிறகு சேர்த்துக்கொண்டாள். "தோணினா மட்டும்? நீங்க இறுக்கினத யாரு கழட்டறது?"

அவர் வேலையைப் பார்த்தார். முதலில் அவள் பாதங்களுக்கு நேராகப் பெடல்களை வைத்து, தொடை லேசாகச் சரிந்திருக்கும்படி ஸ்டூலை நிறுத்தினார். முழங்கால்களுக்கு நடுவே ஸ்னேர். அதன் பிறகு அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"முழங்கையத் தொங்க விடு. தோளைத் தூக்காத. குச்சிய முன்னால நீட்டு. எங்க போய் நிக்குதோ அங்கயே நிறுத்து."

குச்சி நின்ற இடத்துக்கு டாமைக் கொண்டுவந்தார். இத்தனை வருடமும் டாம் இருந்த இடத்துக்குக் குச்சி போய்க்கொண்டிருந்தது. இப்போது டாம்கள் தாழ்ந்து, அவள் பக்கம் நெருங்கி, லேசாக முகத்தை அவளுக்குக் காட்டிச் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது. முன்பு தட்டையாக வைத்திருந்ததால்தான், கீழேயிருந்து வரும் குச்சிக்கு முதலில் விளிம்பு அகப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி போதும். பெரிய டாமின் மூன்று கால்களையும் குறுக்கி, அதை அவள் தொடை மட்டத்துக்கு இறக்கினார்.

எல்லாம் சரி, தாங்கிதான் இடித்தது. எவ்வளவு இறக்கினாலும் குழாயின் நீளம் விடவில்லை. இரண்டே வழி, ஒன்று பழைய உயரம், இல்லாவிட்டால் அறுக்க வேண்டும். அவர் பென்சிலால் கோடு போட்டார். டாமின் அடி பாஸ் டிரம்மின் முதுகில் முட்டாமல் ஒரு விரல் விட வேண்டும் என்பதால், கோட்டை அழித்து இன்னொரு கோடு போட்டார். தன் கையால் மரை வெட்டிய குழாய் அது. அதிகமாக அறுத்துவிட்டால் நாளைக்குள் இன்னொன்று செய்ய நேரமில்லை.

"தப்பாப் போச்சுன்னா?" என்றாள்.

"நாளைக்கு டாம் இல்லாம அடிப்ப."

"அதுக்கு மெஷினே மேல்" என்று சொல்லிவிட்டு, குழாயின் மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

அவர் ரம்பத்தை வைத்தார். அறுத்த துண்டு விரிப்பில் விழுந்தது. பிசிறை அரத்தால் தேய்த்து, மாட்டி, ஸ்பேனரை எடுத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். வேற நட்டுப் போடுங்க. நானே மாத்திக்கற மாதிரி."

வேன் பெட்டியிலிருந்து இரண்டு காது வைத்த நட்டுகளைத் தேடி எடுத்து வந்து போட்டார். விரலாலேயே திருகலாம். அவை உடும்புப் பிடியாக நிற்காதே என்று அவருக்கு உள்ளுக்குள் அரித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவள் உருட்டினாள். ஸ்னேர், முதல் டாம், இரண்டாம் டாம், பெரிய டாம். நான்கிலும் தோல் பேசியது. இன்னொரு தரம் உருட்டினாள். பத்துத் தடவைக்குப் பிறகு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியில் அவர் முதல் தடவையாக முன்வரிசையில், அவள் வலது முழங்கை தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டு வந்தது. முழங்கை இடுப்பை விட்டு அதிகம் நகரவில்லை. 'டக்' என்ற சத்தம் வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு இரண்டு இடத்தில் தடுமாறினாள். அது களைப்பு. தோள் வலி ஒரே நாளில் போய்விடாது. அதற்குப் பயிற்சியும் வெந்நீர் ஒத்தடமும் மாதக்கணக்கில் வேண்டும்.

கீபோர்டுக்காரர் மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்தார். "என்ன பண்ணீங்கண்ணே?"

"குழாய அறுத்தேன்."

"அறுத்தீங்களா? நீங்களா?" அவர் சிரித்துவிட்டு, அடுத்த மாத நிகழ்ச்சிக்கும் அக்காவேதான் என்றார். மெஷினைத் திங்கட்கிழமை கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகவும், இன்னும் உறை பிரிக்காதது நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் பல் தேய்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தபோது, அவள் முக்காலியை மேல்தட்டுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டு, கல்யாணத்துக்கு முன் அவர் தனியாக இருந்த காலத்தில் தானே மாட்டியது.

"ஏறாத. கீழ நில்லு. எப்பவும் நிக்கிற மாதிரி" என்றார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பின் பக்கம் போய் நின்று, வலிக்காத உயரம் வரை வலது கையைத் தூக்கினாள். விரல் நுனியிலிருந்து ஒரு விரல் கீழே அவர் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். டப்பாக்களை எல்லாம் எடுத்து மேஜையில் அடுக்கினார். ஆணிகளைக் கழற்றித் தட்டை இறக்கினார். கோட்டின் மேல் துளை போட்டுத் திரும்ப மாட்டி, மேலே தெரிந்த நான்கு பழைய ஓட்டைகளையும் பட்டி வைத்து அடைத்தார்.