இரண்டு கை கற்பூரம்

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். எங்கள் பவுண்டரியில் நடந்ததைக் கேட்டால் அவர்களுக்கும் கொஞ்சம் வரும்.

சங்கராபுரம் ரோட்டில் அப்பா ஆரம்பித்த இரும்பு வார்க்கும் பட்டறை அது. வெல்ல ஆலைகளுக்குக் கரும்பு பிழியும் உருளை, மலைமேல் கரியாலூர்க்காரர்களுக்குக் கலப்பைக் கொழு, இவைதான் எங்கள் பிழைப்பு. அப்பா போகும்போது என்னையும் தம்பியையும் சேர்த்து முதலாளியாக்கிவிட்டு, ஒரு வழக்கத்தையும் விட்டுப்போனார். உலை மூட்டும் நாளில் அதன் வாயில் வீட்டாள் ஒருவர் கற்பூரம் வைக்க வேண்டும், இன்னொருவர் தீக்குச்சி கிழிக்க வேண்டும். இரண்டு கை சேராவிட்டால் அன்றைக்கு வார்ப்பு கிடையாது. வேலையாட்கள் இதைச் சாமி காரியமாகவே மதித்தார்கள். எனக்கும் தம்பிக்கும் சண்டை வந்த நாட்களில் உலை சும்மா கிடந்திருக்கிறது. நாங்கள் பேசிக்கொண்ட பிறகுதான் இரும்பு உருகும்.

வேலை கம்மியானபோது தம்பிதான் வெளியூர்க் கம்பெனி ஒன்றைக் கூட்டுச் சேர்த்தான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரே மழைக்காலத்துக்குள் அவர்களுடைய மேனேஜர் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டில் அவர்கள் பூட்டு தொங்கியது. என் பட்டறைக்குள் போக நான் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிறகு புது மாதிரி ஒன்றை மரத்தில் செய்து கொண்டுவந்தார்கள். பருத்த வயிறு, ஒடுங்கிய வால். எந்த ஆலைக்கு என்று கேட்டேன். வெளிநாட்டில் நடக்கிற சண்டைக்கு, குண்டின் கூடு என்றார் மேனேஜர், வாணலிக்கு ஆர்டர் வந்ததைச் சொல்வதுபோல. என் கை படாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அன்று மாலை தம்பி என் வீட்டுக்கு வந்தான். என் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக் கடித்தபடி, “நீ வராதக்கா. நீ இல்லாம உலை எப்டிப் பத்தும்? அவங்க இன்னா பண்ணிடுவாங்க? நானும் வேணாம்னுதான் சொல்லிக்கினு இருக்கேன்,” என்றான். நம்பினேன். கூடப் பிறந்தவன் சொல்கிறான், நம்பாமல்?

உலை மூட்ட மேனேஜர் குறித்த நாளில் வீட்டிலேயே இருந்து தைரியமாகச் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கீரை விற்க வந்த அம்மாள், “இன்னாம்மா, நீங்க இங்க இருக்கீங்க, உங்க பட்டறைல புகை வருதே?” என்றாள். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன்.

உலை எரிந்துகொண்டிருந்தது. தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. “எவன்டா கை வச்சது?” என்றேன். உலைக்காரர் தலையைக் குனிந்தபடி ஆபீஸ் பக்கம் காட்டினார். அங்கே, பட்டறைப் பக்கமே வராத அம்மா, நெற்றியில் விபூதியோடு, நல்ல புடவை கட்டி, காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டாள் கைதானே வேண்டும், அம்மாவும் வீட்டாள்தானே. அது எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது, பாவி.

“பெத்தவளக்கூடவா ஏமாத்துவ? இன்னான்னு சொல்லிக் கூட்டினு வந்த?” என்று அவனைக் கேட்டேன். அம்மாவிடம் திரும்பினேன். “இது உருளை இல்லம்மா. குண்டு. ஆளக் கொல்ற குண்டு. பொய் சொல்லி உன்னக் கற்பூரம் வைக்கவச்சிட்டான்.” அவளை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள்.

“எல்லாம் சொல்லித்தான் கூட்டினு வந்தான்,” என்றாள். “அது இன்னா நம்ம ஊர்லயா வந்து வுழப்போவுது? நீ உக்காரு, ஒரு வாய் காபி குடி.”