ஒரு நாள் பிந்திய அருவி

நேற்று அலுவலகத்தில் ஒரு பழைய சர்வரைக் காலி செய்துகொண்டிருந்தோம். கோப்புகளுக்கு நடுவே ஒன்றின் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு வளைந்த கோடு. கோப்புகளைத் திருத்தும் பழைய எடிட்டர் மென்பொருள்களின் வழக்கம் அது. குப்பைதான், அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கினேன். கடையில் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. தென்காசிக்காரனுக்கு எண்ணெய்ச் சட்டியைக் கண்டாலே குற்றாலம் வந்துவிடும். ஈரத்துண்டு, தலையில் நல்லெண்ணெய், சாரலில் நின்றபடி தின்னும் பஜ்ஜி. சென்னை வெயிலில் வியர்த்துக்கொண்டு இதை நினைத்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அப்புறம் மைதீன் ஞாபகத்துக்கு வந்தான். என்னோடு படித்தவன். நான் வேலைக்கென்று சென்னைக்கு வர, அவன் தென்காசியிலேயே கம்ப்யூட்டர் கடை வைத்தான். சீசன் வந்தால் ஊரில் இல்லாதவர்கள் எல்லாரும் அவனிடம் கேட்பது ஒன்றுதான்: தண்ணி விழுதா? வளைகுடாவில் இருந்த அவன் அண்ணன்கூட மனைவி மக்களை விசாரிக்கும் முன்பு அதைத்தான் கேட்பாராம். பதில் சொல்லி மாளாமல் மைதீன் ஒரு இணையப் பக்கம் செய்தான். ஐந்தருவியில் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி காலையில் போனில் நிலவரம் சொல்வார். மைதீன் அதை அருவிக்கு ஒரு கோப்பாகத் தட்டி வைப்பான். பக்கம் அதை எடுத்துக் காட்டும்.

அந்த வருஷம் அப்பா சிகிச்சைக்காக என் வாடகை வீட்டில் இருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஐந்தருவியில் ஒரு தடவை தலையைக் கொடுத்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. டாக்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்கும்.

அருவியோ காய்ந்து கிடந்தது. தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பா அந்தப் பக்கத்தின் முன்னால் உட்காருவார். ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமே என்றால் கோபம் வரும். மைதீன் போடாமலா இருப்பான் என்பார். ஒரு வியாழக்கிழமை காலை சமையலறை வரைக்கும் நடந்தே வந்துவிட்டார்.

"ஏலே, மைதீன் போட்டுட்டான். தண்ணி நல்லா விழுதாம். கூட்டமும் இல்லையாம்லே."

அன்று மாலையே செங்கோட்டை ரயிலைப் பிடித்தோம். ராத்திரி முழுக்க மலையில் மழை கொட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தால் ஐந்தருவியில் வெள்ளம். போலீஸ்காரர்கள் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து அப்பா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சாரல் அடித்தது. துண்டை நீட்டினேன், வாங்கவில்லை.

"சத்தமாவது கேக்குதுல்லா. போதும்லே."

வெள்ளம் வடியும் வரை அவர் இருக்கவில்லை.

மைதீன் விஷயத்தைக் கண்டுபிடித்தது பிறகுதான். அவனுடைய எடிட்டர் ஆதிகாலத்து வழக்கப்படி, ஒரு கோப்பைத் திருத்தியதும் நேற்றையதை அதே பெயரில், கடைசியில் வாலை மட்டும் ஒட்டி, பக்கத்திலேயே வைத்துவிடும். பக்கமோ அருவியின் பெயரில் தொடங்கும் கோப்புகளை வரிசையாகப் படித்து, கடைசியாகப் படித்ததைக் காட்டும். வால் வைத்ததுதான் எப்போதும் கடைசி. ஆக, பக்கம் முதல் நாளிலிருந்தே ஒரு நாள் பிந்தித்தான் ஓடியிருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. ஊரில் இருந்தவர்கள் அதைப் பார்ப்பதில்லை, காற்றை வைத்தே அவர்களுக்குத் தெரியும். பார்த்தவர்கள் எல்லாரும் வெளியூர். புதன்கிழமையே தண்ணீர் விழுந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்து ரயிலேறியிருந்தால் வியாழக்கிழமை அப்பா குளித்திருப்பார்.

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த மைதீன் சாப்பிடாமல் ஓரமாக நின்றான். கோப்புகளை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தான்.

"நான் ஒரு நாளாவது அந்தப் பக்கத்தத் தொறந்து பாத்திருக்கலாம்லே. எம்மேல கோவமாலே?"

இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. ஆனால் அவன் நம்பவில்லை. பக்கத்தை அந்த வெள்ளிக்கிழமையோடே நிறுத்தியிருந்தான். கடையை விற்றுவிட்டு அண்ணனிடம் போனவன், போன் பண்ணுவதும் குறைந்து, இப்போது பேச்சே இல்லை. அண்ணாச்சியின் கடையும் இல்லை. அருவியை இன்று அவரவர் செல்போனிலேயே வீடியோவாகப் பார்த்துக்கொள்கிறார்கள். புது எடிட்டர்கள் வால் வைப்பதும் இல்லை.

நேற்று வீட்டுக்கு வந்து பென் டிரைவைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தை ஓட்டிப் பார்த்தேன். கடைசியாக அந்த வெள்ளிக்கிழமை மைதீன் தட்டியது, வெள்ளம், குளிக்கத் தடை. ஆனால் பக்கம் காட்டுவது வால் வைத்ததை, முந்தின நாள் நிலவரத்தை. ஒரே ஒரு வரியில் சரிசெய்துவிடலாம், என் பிழைப்பே அதுதான். செய்யவில்லை. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, கூட்டம் இல்லை, வரலாம் என்று அது இன்னும் கூப்பிடுகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படிக்கத்தான் அப்பா இல்லை.