சுடுதண்ணீரை முதலில் ஊற்றியவன்

போன ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கோயிலில் நாலைந்து பேர் என் மனைவி ஸ்டெல்லாவிடம் விசாரித்தார்களாம். பாவம், அவளுக்கே அப்போது காரணம் தெரியாது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா கோயில் பாடகர் குழுவில் இருக்கிறாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஒத்திகைக்குப் போய்விடுவாள். எங்கள் மகள் பிரின்சிக்கு இரண்டு வயது. அவளைக் குளிப்பாட்டி, கவுன் போட்டு, எட்டரைக்குத் தூக்கிக்கொண்டு வருவது என் பொறுப்பு. நாற்பது பிள்ளைகளை வகுப்பில் மேய்க்கிற வாத்தியாருக்கு இது ஒரு வேலையா?

லிந்துலைப் பக்கத்துக் காலைக் குளிர் உங்களுக்குத் தெரியும்தானே... நாங்கள் இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான், இருக்கிறோம். வீட்டுக்குள் குழாய் கிடையாது. லயத்துக் கோடியில் பீலி - மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர் இரவும் பகலும் அதில் கொட்டிக்கொண்டே இருக்கும். கையை நீட்டினால் விரல் மரத்துப்போகும். அதனால் குளிப்பு என்றாலே அடுப்பில் பானை ஏற வேண்டும்.

கொதித்த தண்ணீரை முதலில் குளிக்கிற பேசினில் ஊற்றிவிடுவோம். அப்போதுதான் அடுப்பு காலியாகி, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கலாம். விறகு சும்மா எரியக் கூடாது பாருங்கள். பிறகு பீலிக்குப் போய் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் பிடித்து வந்து விளாவுவோம். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

அன்றும் அப்படியே செய்தேன். குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் பேசின், அதில் ஆவி பறக்கும் தண்ணீர். பிரின்சியைப் பலகையில் உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட் கொடுத்தேன்.

"அப்பா தண்ணி எடுத்துட்டு வர்றேன். இங்கயே இருக்கணும், என்ன?"

"ம்" என்றாள். இரண்டு வயதுப் பிள்ளையின் "ம்"மை நம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பீலியில் பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"போன கிழமை பேப்பர்ல நீங்க எழுதுனது நல்லா இருந்திச்சிங்க சேர். எங்க வீட்ல ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா."

"அப்படீங்களா? எந்த எடம் புடிச்சிச்சாம்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே நின்றேன். வாளி நிறைந்து காலில் வழிந்தது. அதுவரை வீட்டுக்குள்ளிருந்து பிரின்சியின் பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது - அவள் அம்மா வாரம் முழுக்க வீட்டில் பாடிப் பழகிய பாட்டு. திடீரென்று அது நின்றுவிட்டது.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். சத்தம் கேட்கிற வரை பயமில்லை. சத்தம் நின்றால்தான் ஓட வேண்டும்.

ஓடினேன். பிரின்சி சட்டையைத் தானே கழற்றிவிட்டாள். அம்மணி குளிக்கத் தயார்! பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்க ஒரு காலைத் தூக்கியிருந்தாள். பாய்ந்து தூக்கினேன். தூக்கிய வேகத்தில் அவள் கை வழுக்கி, இரண்டு விரல்கள் தண்ணீருக்குள் போய் வந்தன.

அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்படியே பீலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, விரலைத் தண்ணீரில் பிடித்தேன். செல்வம் அண்ணனின் மனைவி ராணி அக்கா டூத்பேஸ்டோடு ஓடி வந்தார்.

"இதப் பூசுங்க சேர். எரிச்சல் அடங்கிரும்."

"வேணாங்க்கா. பச்சத்தண்ணிதான் புடிக்கணும்."

இது எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டெல்லா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கிறவள். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த அம்மாமாருக்குக் கொடுக்க, வீட்டு விபத்துகளைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினாள். அதை நல்ல தமிழில் திருத்திக் கொடுத்த மேதாவி நான்தான். "சுட்ட இடத்தில் எதையும் பூசாமல் இருபது நிமிடம் ஓடும் நீரில் பிடியுங்கள்" என்பது அதில் ஏழாவது வரி. "குளிப்பாட்டும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள்" என்பது ஆறாவது வரி.

ஏழாவது வரி நல்ல நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஆறாவது வரி எங்கே போயிருந்தது?

ராணி அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. தன் கம்பளியைக் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றிவிட்டார். இருபது நிமிடம் நின்றோம். முதலில் எரிச்சலில் அழுதவள் பிறகு குளிரில் அழுதாள். நானும் அழுதேன். செல்வம் அண்ணன் அதைப் பார்க்காதவர்போல வேறு பக்கம் திரும்பி வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பது மணிக்கு விரல்களில் லேசான சிவப்பு மட்டும்தான் இருந்தது. பிரின்சி இரண்டாவது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குள் ஒரு கள்ள யோசனை வந்தது. ஸ்டெல்லாவிடம் சொல்லாமல் விட்டால் என்ன? பிள்ளைக்குக் கதை சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டாமென்று ராணி அக்காவிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும். ஸ்டெல்லாவிடம் சொன்னாலோ... இனி என்னை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாளா? திட்டு வாங்குவது எனக்குப் பழகிய விஷயம். அந்த நம்பிக்கை போய்விடுமே என்றுதான் பயந்தேன்.

பூசை முடிந்து வந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே, "என்னாச்சிங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாராட்டைக் கேட்டுக்கொண்டு நின்றதையும் மறைக்கவில்லை.

அவள் பிள்ளையின் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொப்புளம் வந்திச்சின்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிறணும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "புதன்கெழம நானும் இதத்தாங்க செஞ்சேன்."

"என்னது?"

"வேலைக்கு நேரமாச்சின்னு சுடுதண்ணிய ஊத்தி வச்சிட்டு பீலிக்குப் போயிட்டேன். வந்து பாத்தா பேசின்கிட்ட நிக்கிறா. ஒன்னும் ஆகல. அதான் ஒங்ககிட்ட சொல்லல."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்ன நெனப்பீங்களோன்னு இருந்திச்சி."

புதன்கிழமை அவள் சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை நான் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்திருப்பேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் மறைக்கப் பார்த்தவன்தான். ஒன்றும் ஆகாமல் தப்பிய கதையை நாம் யாரிடமும் சொல்வதில்லை. அடுத்த வீட்டுக்கு அதைவிடப் பயன்படுகிற கதை வேறென்ன இருக்கிறது?

திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவில் ஸ்டெல்லா துண்டுப்பிரசுரத்தை மேசையில் வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரு என்ன செஞ்சாருன்னா..." என்று ஆரம்பித்திருக்கிறாள். வழக்கமாகத் தலையை மட்டும் ஆட்டுகிற அம்மாமார் அன்று வாய் திறந்தார்களாம். ஒருத்தி சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைத்ததைச் சொன்னாள். இன்னொருத்தி தோட்டத்தில் அடிக்கிற பூச்சி மருந்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்ததைச் சொன்னாள். அன்று சாயங்காலம் எத்தனை வீட்டில் போத்தல்கள் இடம் மாறினவோ! நல்ல தமிழில் நான் எழுதிய வரிகளால் முடியாததை என் மானம் போனது முடித்துவிட்டது.

இதை எழுதுவது சனிக்கிழமை இரவு. பிரின்சியின் விரல்கள் ஆறிவிட்டன. எழுதியதை ஸ்டெல்லா வாசித்துப் பார்த்தாள். அம்மாமாரிடம் அவள் தன் புதன்கிழமைக் கதையை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"என் கதயயும் பேப்பர்ல போடணுங்களா?"

"போடணும்."

தாளை என்னிடம் திருப்பித் தந்தாள். "சரி, போடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "நாளைக்கு ஏழு மணிக்கு நான் போயிருவேன். பிள்ளைய நீங்கதான் குளிப்பாட்டிக் கூட்டியாரணும்."