அப்பாவின் காலும் முதல் பந்தியும்

இந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. பெரிய வியாழனன்று பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரும் காலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வர வேண்டுமாம். நகப்பூச்சு கூடாதாம். கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. எனக்கோ, படித்ததும் எலுமிச்சை மூடியும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாவதற்கு முந்தின இரவு இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவி, அவர்களோடு கடைசியாகச் சாப்பிட்டார். அதை நினைத்து வருஷா வருஷம் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். தாழ்மையைக் காட்டும் சடங்கு. எங்கள் ஊரில் அந்தத் தாழ்மைக்கு அடிதடி. ஏனென்றால் காலை நீட்டிய பன்னிரண்டு பேருக்கும் ஈஸ்டர் விருந்தில் முதல் பந்தி, அதுவும் சாமியாரோடு. சங்ககிரிப் பக்கம் லாரியும் மில்லுமாகப் பிழைத்த எங்கள் சனம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் கறியைத் தொடாது. அந்த நாற்பது நாளும் கறியைத் தவிர வேறொன்றையும் தியானிக்காது.

எங்களுக்கு வாய்த்தது எப்போதும் மூன்றாம் பந்தி. கறி இருந்ததற்கான அடையாளம் மட்டும் வாளியில் இருக்கும். அம்மாவுக்குக் கறிகூடப் பெரிதில்லை. லாரிக்காரன்தானே, கடைசியில் உட்காரட்டும் என்கிற அந்த நினைப்புதான் அவளுக்கு ஆறவே இல்லை. உங்கப்பாவை ஒருக்காவாச்சும் மொதப் பந்தியில பாத்துரோணும் என்பாள்.

சீடர் நாற்காலி என்ன சும்மாவா கிடைக்கும்? ஜவ்வரிசி மில் முதலாளி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று நிரந்தரச் சீடர்கள் இருந்தார்கள். தவக்காலம் முழுக்க அவர்கள் காலுக்குத்தான் தவம் செய்தார்கள். எலுமிச்சை தேய்ப்பதென்ன, விளக்கெண்ணெய் பூசுவதென்ன! முதலாளி காலுறை போட்டுக் காரில் வந்திறங்கி, கோயில் குழாயில் சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவிக்கொள்வார். சாமியார் பாவம், சுத்தமான காலை நனைத்துத் துடைத்துவிட்டுப் போவார்.

ஒரு வருஷம் சீடர் ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டது. பூசை தொடங்கிய பிறகுதான் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாருக்குச் சேதி வந்தது. அப்பா அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு லாரியோடு நேராக வந்து பின்வாசலில் நின்றிருந்தார். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய் அவரை இழுத்து வந்து காலி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். அவளைத் தடுக்கிற தைரியம் உபதேசியாருக்கு இல்லை.

அப்பாவின் காலை என்னவென்று சொல்வேன்? டீசலும் கிரீஸும் அந்த வெடிப்புகளில் குடியேறிப் பட்டாவே வாங்கியிருந்தன. சாமியார் ஊற்ற ஊற்றத் தாம்பாளத் தண்ணீர் கறுத்தது. இன்னொரு குடம் கொண்டுவரச் சொன்னார். முதலாளி மூக்கை மூடிக்கொண்டார். அப்பா கூனிக் குறுகிப் போனார். பூசை முடிவில் சாமியார் எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னார்.

“இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தாங்க நான் ஒரு காலைக் கழுவுனேன்.”

அந்த ஈஸ்டருக்கு அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட, பந்தி தவறிப்போனது. அடுத்த வருஷம் சாமியாரே அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை ஊர் எப்படிப் பிடித்துக்கொண்டது என்கிறீர்கள்! முதலாளி காலையிலிருந்து தன் கிழங்குக் காட்டுச் சேற்றில் நடந்து, கழுவாமல் வந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியர் சைக்கிள் சங்கிலி மசகை இரண்டு காலிலும் ஒரே அளவாகப் பூசியிருந்தார். பதினோரு பேரும் அழுக்குச் சீடர்கள். கடைசி நாற்காலியில் அப்பா. அவர் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அம்மா கல்லால் தேய்த்துத் தேய்த்து அந்தக் காலை ரோஜா நிறமாக்கியிருந்தாள்.

சாமியார் குடம் குடமாகத் தண்ணீர் கேட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் வந்து சேர்ந்து, காலைப் பார்த்து அப்படியே நின்றார். அப்பா மெல்லச் சொன்னார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க சாமி. ஊட்டுல கழுவி உட்டுட்டாங்க.”

பெரிய வியாழனன்று பீடத்துக்கு முன்னால் ஒரு சாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஈஸ்டர் வந்தது. முதல் பந்தி, சாமியாருக்குப் பக்கத்து இலை. அம்மா சமையல் பந்தல் ஓரமாக நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். நல்ல தொடைக்கறியாக விழுந்தது. ஆனால் சாமியாருக்குச் சர்க்கரை வியாதி. நாலு வாய் சாப்பிட்டு இலையை மூடிவிட்டார். பெரியவர் மூடினால் வரிசையே மூட வேண்டும் அல்லவா? முதலாளி மூடினார், தலைமையாசிரியர் மூடினார். தொடைக்கறியை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாவும் மூடினார். வீட்டுக்கு வந்ததும் பழைய சோறு இருக்குதா என்று கேட்டார். ஈஸ்டர் மத்தியானம் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அவர் சாப்பிட, அம்மா எதிரில் உட்கார்ந்து, முதல் பந்தியில் அவர் எப்படி இருந்தார் என்று அவருக்கே விவரித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவராகவே மூன்றாம் பந்திக்குப் போய்விடுவார்.

அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. இந்த ஈஸ்டருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டரிங் வைத்திருந்தார்கள். பந்தி இல்லை, இலை இல்லை, சாமியாரும் தட்டோடு வரிசையில் நின்றார். அம்மா இது எத்தனாவது பந்தி என்று கேட்டாள். எல்லாருக்கும் ஒன்றுதான், வேண்டுமட்டும் போட்டுச் சாப்பிடலாம் என்றேன். தட்டைப் பிடித்தபடி, கறிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

“உங்கப்பாவுக்கு இதையல்லோ காட்டியிருக்கோணும், கண்ணு. வகுறு நெறைய உண்டிருப்பாரு.”