நில் என்றால் நில்

அவரை எனக்கு முதலில் ஒரு குரலாகத்தான் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோனது. அவசர மணியை அழுத்தினேன். பித்தான்களுக்கு மேலே இருந்த சல்லடைத் துளைகளுக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான் சார்."

"அப்ப சண்டை வராது. முதல்ல கீழே உக்காருங்க. கதவைத் தொடாதீங்க. எவ்வளவு உயரத்துல தொங்கறோம்னு யோசிக்காதீங்க, அது என் வேலை."

கதவு திறக்கும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. வெளியே வந்ததும் அந்தத் துளைகளைப் பார்த்தே நன்றி சொன்னேன். "எனக்கெதுக்கு? திறந்துவிட்டவன் என் மச்சான். நான் வெறும் நாற்காலி" என்றார். அந்த 'நாற்காலி'யை அவர் உச்சரித்த விதம் மனதில் தைத்துவிட்டது. பின்னாளில் பழக்கமாகி, அவர் வாயாலும் அவருடைய மச்சான் வாயாலும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் மற்றதெல்லாம்.

லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். லிஃப்ட் பெட்டி ஏறி இறங்கும் நீண்ட இருட்டுக் கூண்டுக்கு அவர்கள் தொழிலில் ஷாஃப்ட் என்று பெயர். பத்தொன்பது வருடம் அதற்குள்தான் அவர் பிழைப்பு. பழுது பார்க்கும்போது பெட்டியின் தலைமேல் ஒருவர் நிற்பார். உச்சியில், மோட்டார் அறையில், சுவிட்சில் கைவைத்தபடி இன்னொருவர். அந்த இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. இருவருக்கும் நடுவே ஓடியவை இரண்டே சொற்கள்: 'போ', 'நில்'.

'நில்' என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். காதில் விழுந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஆனால் 'நில்' சொன்ன வாய்தான் திரும்ப 'போ' சொல்ல வேண்டும். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் சுவிட்சைத் தொடக் கூடாது.

தம்பிக்காரன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா புருஷனை எப்படி ஒருமையில் அதட்டுவது என்று கூச்சப்பட்டான். ஒருநாள் லிஃப்ட்காரரை மேலே சுவிட்சில் விட்டு, தான் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு, "மாமா, கொஞ்சம் நில்லுங்களேன்" என்றான். அவன் 'மாமா, கொஞ்சம்' வரை வருவதற்குள் பெட்டி அரை அடி ஏறி, அவன் தொப்பியை உத்தரம் தட்டிவிட்டது.

"வீட்டுல எத்தனை 'ங்க' வேணும்னாலும் போட்டுக்கோ" என்றார் லிஃப்ட்காரர். "இங்கே உன் மரியாதை வந்து சேர்றதுக்குள்ள உன் தலை போயிடும். 'நில்'. அவ்வளவுதான்."

சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்ட அவர் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துபவள் அவள். ஒரு மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடும் கை. "அப்ப நானும் இனிமே ஒருமையிலயே கூப்பிடட்டுமா?" என்றாள்.

"கூப்பிட்டுப் பாரு. அப்படியே நின்னுடுவேன்."

அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. தெருவில் விளையாடும் பிள்ளைகள் யாராவது ஓட்டப்பந்தயத்தில் 'நில்!' என்று கத்தினால், காய்கறிப் பையோடு நடுத்தெருவில் சிலையாகிவிடுவார் அவர். மச்சான்தான் தோளைத் தட்டி நகர்த்த வேண்டும்.

இப்பேர்ப்பட்ட மனுஷன் விழுந்தது எங்கே தெரியுமா? ஷாஃப்டின் அடியில் நாலடிக் குழி ஒன்று இருக்கும். அதிலிருந்து ஏறுகிற இரும்பு ஏணியின் கடைசிப் படியில் எண்ணெய். வலது முழங்கால் சில்லு மூன்று துண்டு. நாற்பது மாடி உயரத்தில் சாவகாசமாக நின்றவர் நாலடியில் விழுந்த கதையைக் கம்பெனியே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. 'குழிமன்னன்' என்று பட்டம் கட்டினார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு வீடுவரைதான் வந்தது. அவர் குடியிருப்பது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படிகளையும் பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறினார்.

கட்டுப் பிரித்தபோது தொடை கை மணிக்கட்டுபோல் இளைத்திருந்தது. உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்த பெண் சீட்டில் எழுதித் தந்தாள்: முதல் இரண்டு மாதம் தண்ணீரில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியாக மெல்லோட்டம். முதல் நாள் நீச்சல்குளத்தின் ஆழமில்லாத பகுதியில் இரண்டு வயதானவர்கள் அவரை முந்திப் போனார்கள். சைக்கிளில் ஒரு முழுச் சுற்று மிதிக்கவே பதினோரு நாள் ஆயிற்று. இப்படி இருக்கும்போதுதான் குளத்துச் சுவரில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தார். ஏரியில் எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே மூச்சில். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள்.

"மச்சான், என் சிகிச்சைச் சீட்டை யாரோ திருடி போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்காங்கடா" என்றார். சிரித்துவிட்டுப் பெயர் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் கம்பெனி அவரை, லிஃப்ட் அவசர அழைப்புகளை எடுக்கும் தொலைபேசி அறையில் உட்கார வைத்திருந்தது. பிறகு ஒரு படிவம் வந்தது. நிரந்தரமாக அந்த நாற்காலியா, இல்லை திரும்ப ஷாஃப்டா? இரண்டில் ஒரு கட்டத்தில் குறியிட்டுக் கொடுக்க வேண்டும். கெடு, போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை. நாற்காலியில் குறியிட்டால் இட்டதுதான், அப்புறம் மாற்றமில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. "நீங்க விழுந்தன்னிக்கு என் தம்பிதான் போன் பண்ணினான். 'அக்கா'ன்னான். அதுக்கு மேல பேச்சு வரல, அழுதான். அந்த அரை நிமிஷத்துல நான் உங்களை அடக்கம் பண்ணிட்டு வந்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

"நாற்காலியில உக்காந்து உக்காந்தே செத்துடுவேன்."

"அது மெதுவா நடக்கும். பரவாயில்ல."

நாலு நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின. ஐந்தாம் நாள் அவளே வழிக்கு வந்தாள். "அந்தப் போட்டியை ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சுக் காட்டுங்க. கால் தேறிடுச்சுன்னு ஒத்துக்கறேன், ஷாஃப்டுக்குப் போங்க. ஒரு செகண்ட் கூடினாலும் நாற்காலி. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரி" என்றார். அதுவரை மிக நன்றாகச் செய்து பார்த்த நாளில்கூட அவருக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊதல் ஒலித்தது. இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஏரிக்குள் பாய்ந்தார்கள். ஷாஃப்டில் எவ்வளவு இருட்டானாலும் கை நீட்டினால் பெட்டி ஓடும் தண்டவாளம் தட்டுப்படும். இங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. கலங்கிய தண்ணீரும் கைகளும் கால்களும்தான். முதல் மிதவையைச் சுற்றும்போது எவனோ எட்டி உதைத்த குதிகால் நேராக வலது முழங்காலில் இறங்கியது. வாய்க்குள் தண்ணீர் போனது. மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டார்: எவ்வளவு ஆழம்னு யோசிக்காதே. கரையேறியபோது இருபத்து நான்கு நிமிடம் போயிருந்தது. நினைத்ததைவிட இரண்டு நிமிடம் அதிகம்.

சைக்கிள் மச்சானுடையது. பன்னிரண்டாவது கிலோமீட்டர் மேட்டில் சங்கிலி கழன்றது. கையெல்லாம் கிரீசோடு மாட்டி முடிப்பதற்குள் ஒன்பது பேர் கடந்து போனார்கள்; அவர் எண்ணினார். பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டார். சைக்கிளை நிறுத்தி ஓடத் தொடங்கியபோது மணி ஏழு இருபத்தொன்று. மீதி முப்பத்தொன்பது நிமிடம். கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் நிமிடத்தில் ஓடினால் தப்பிக்கலாம்.

ஓடினார். ஓட்டம் என்று சொன்னால் ஓடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். இடது கால் ஓடியது, வலது கால் கூட வந்தது. முதல் கிலோமீட்டர் ஏழரை. இரண்டாவது ஏழே முக்கால். மூன்றாவதில் முழங்காலுக்குள் சில்லைக் கட்டியிருந்த கம்பி சூடேறிய மாதிரி எரிந்தது. நான்காவதின் முடிவில் கடிகாரம் ஏழு ஐம்பத்திரண்டு காட்டியது. இப்படியே போனால் கால் நிமிடம் மிஞ்சும்.

கடைசித் திருப்பத்தில், தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள். இன்னும் எழுநூறு மீட்டர். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து ஓட முயன்றார். அங்கேதான் வலது முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. விழவில்லை. தள்ளாடி, கையை வீசிச் சமாளித்து, அடுத்த அடியை வைக்கப் போனார்.

"நில்!"

அவள் குரல். அதில் 'ங்க' இல்லை.

பாதம் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் முதுகில் மோதி, "நடுவழியில என்னங்க மரம் மாதிரி!" என்று திட்டிக்கொண்டு விலகி ஓடினார்.

"அக்கா! என்ன பண்ணித் தொலைச்சே?" என்று தம்பி அலறினான். "நீ 'நில்லுங்க'ன்னு கத்தியிருந்தா போயிட்டே இருந்திருப்பாரு! மாமா, போ! போ மாமா!"

அவர் அசையவில்லை. முதல் நொடி நின்றது கால். அதற்குப் பிறகு நின்றது அவர். பத்தொன்பது வருடத்தில் ஷாஃப்டுக்குள் ஒருமுறைகூட, 'நில்' சொன்ன வாய் 'போ' சொல்லாமல் அவர் நகர்ந்தது கிடையாது. இன்றைக்கு, இவள் சொன்னதற்கு, மீறுவதா? அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வியர்வை கண்ணில் இறங்கியது.

அவளுக்கும் தெரியும். இன்னும் ஐந்து நிமிடம் அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாற்காலி உறுதி. அவள் விரும்பியதும் அதுதான்.

"வலிக்குதா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஷாஃப்டில் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வதில்லை. "வலிக்குது."

"மடக்கிக் காட்டுங்க."

மடக்கினார். நீட்டினார்.

"இன்னொரு தடவை."

"அக்கா, மணி ஆகுது! ஏழு அம்பத்தஞ்சு தாண்டிடுச்சு!"

அவள் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. வளைந்த சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் அந்த முழங்காலையே பார்த்தாள். இரண்டாம் முறை அது மடங்கி, நேராக, ஆடாமல் நின்றது. கயிற்றைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"போ" என்றாள்.

அப்புறம் ஓடியதைப் பற்றி அவருக்கு அதிகம் ஞாபகமில்லை. எல்லைக்கோட்டுக்கு மேலே தொங்கிய பெரிய கடிகாரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதன் எண்கள் இரண்டு மணியைத் தாண்டியபோது அவர் இன்னும் கோட்டைத் தொடவில்லை. தொட்டபோது இரண்டு மணி, முப்பத்தெட்டு விநாடி. பதக்கக் கூடையோடு நின்ற பெண் சங்கடத்தோடு ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி முழங்காலில் வைத்தாள். தம்பி பொருமினான். "முப்பத்தெட்டு செகண்ட்! இவ நிறுத்தினதே ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கும். அதைக் கழிக்கணும் மாமா, விடாதீங்க!"

"எதையும் கழிக்க வேணாம்டா. பேச்சுன்னா பேச்சு" என்றார் லிஃப்ட்காரர். "நாளைக்கு நாற்காலியில குறி போட்டுக் கொடுத்துடறேன்."

மனைவி பனிக்கட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"ஒரு செகண்ட் கூடினாலும் நாற்காலின்னு."

"அதுக்கப்புறம் சொன்னது. அங்கே, கயித்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு."

"போன்னு சொன்னே."

"உங்க தொழில்ல 'போ'ன்னா எதுவரைக்கும்?"

"சொன்னவங்க 'நில்'லுன்னு சொல்ற வரைக்கும்."

"நான் இன்னும் சொல்லல இல்ல?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. குரலில் மட்டும் அது தெரியவில்லை. "ஆனா ஒருநாள் சொல்லுவேன். அன்னிக்கு ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"டேய்," என்று தம்பியின் பக்கம் திரும்பினாள், "குழியில இறங்கற வேலை இனிமே உன்னோடது. ஏணியைத் துடைச்சுட்டு இறங்கு."

"அதானே பார்த்தேன்" என்றான் தம்பி.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. லிஃப்ட்காரர் இப்போது ஷாஃப்டில்தான் வேலை பார்க்கிறார். மாதம் நான்கு நாள் தொலைபேசி அறை. மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கிறது. அவர் மனைவி இன்னும் 'நில்' சொல்லவில்லை.