இதயத் துடிப்பு சீராக உள்ளது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அத முதல்லயே சொல்லிடறேன். ஸ்கேன் சென்டர் கவுண்டர்ல பதினோரு வருஷமா உட்கார்ந்திருக்கேன். "எனக்கு முன்னாடி எத்தன பேரு?", "இன்னும் எவ்வளவு தண்ணி குடிக்கணும்?", "டாக்டர் எப்ப வருவாங்க?"ன்னு காலையிலருந்து ஆளாளுக்குப் பிடுங்கி எடுத்தா கோவம் வராம கொஞ்சலா வரும்?

ஆனா நான் சொல்ல வந்தது என்னப் பத்தி இல்ல. எனக்குப் பின்னாடி, அரைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் அடிக்கிறாளே, அவளப் பத்தி. நாங்க அவளுக்கு வச்ச பேரு வாரக்காரி. கடைசியாத் தலைக்குக் குளிச்ச தேதியச் சொன்னாப் போதும், காலண்டரப் பாக்காம "பதினாலு வாரம் மூணு நாள்"னு பட்டுன்னு சொல்லிடுவா. மெஷின் கூட ஒரு நிமிஷம் யோசிக்கும், இவ யோசிக்க மாட்டா.

எங்க இடம் ஒண்ணும் பெரிசில்ல. முன்னாடி ஒரு ஹால், பன்னெண்டு இரும்பு நாற்காலி. அதுல ஒண்ணுக்குக் கால் ஆடும், அதுல மட்டும் கூட வந்த ஆம்பளைங்கள உட்கார வைப்பேன். பின்னாடி ஸ்கேன் ரூம், நடுவுல ஒரு திரை. டாக்டரம்மா வயித்து மேல கருவிய நகர்த்திக்கிட்டே அளவுகளச் சத்தமாச் சொல்லுவாங்க. தலை இவ்வளவு, வயிறு இவ்வளவு, தொடை எலும்பு இவ்வளவு. இவ திரைக்கு இந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு அடிப்பா.

அடிக்கிறதுன்னா முழுசா அடிக்கிறதில்ல. ஒரு நாளைக்கு நாப்பது பேரு, எங்க போய் முழுசா அடிக்க? முன்னாடி வந்த பொண்ணோட ரிப்போர்ட்டத் திறந்து, பேர மாத்தி, வயச மாத்தி, வாரத்தையும் அளவையும் மாத்தி, அவ்வளவுதான், பிரிண்ட். மாறாத வரிங்க அப்படியே கிடக்கும். நடுவுல கிடக்கிற ஒரு வரி, 'இதயத் துடிப்பு சீராக உள்ளது.' நாப்பது பேர்ல முப்பத்தொம்பது பேருக்கு அத யாரும் தொடவே வேண்டாம். மிச்சம் அந்த ஒரு பொண்ணு வர்ற அன்னிக்கு டாக்டரம்மா குரல் தாழ்ந்துடும். உடனே வாரக்காரி பேரக் கூட மாத்த மாட்டா, நேரா அந்த வரிக்குப் போய் அத அழிச்சுட்டுத்தான் மத்த வேலை.

அவளுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம். வீட்டுக்காரரு லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனுஷன். ரெண்டு தடவை தங்கிச்சு, ரெண்டு தடவையும் எட்டாவது வாரத்தத் தாண்டல. அந்த வயித்தோட இங்க உட்கார்ந்து நாள் முழுக்க ஊரார் பிள்ளைங்களுக்கு அளவு எழுதிக்கிட்டிருந்தா. நானா இருந்தா என்னிக்கோ வேலைய விட்டெறிஞ்சிட்டுப் போயிருப்பேன். இவளுக்கு எரிச்சல்னு ஒண்ணு வந்து நான் பாத்ததில்ல. பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற பொண்ணப் பாத்தா எந்திரிச்சுப் போய்ப் பக்கத்துல உட்கார்ந்துக்குவா.

"உங்களுக்கு ஆறாவது வாரம்தானே? ஒரு புள்ளி துடிக்கும், பாருங்க. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், அதுக்குள்ள இதயம் வேலைக்கு வந்துடும்."

பன்னெண்டாவது வாரம்னா, "விரலெல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சாச்சு, நகம் முளைக்க ஆரம்பிச்சிருக்கும்"ம்பா. இருபதுன்னா, "நீங்க பேசறது காதுல விழ ஆரம்பிச்சிருக்கும், வீட்ல சண்டை போடாதீங்க"ம்பா. அந்தப் பொண்ணு சிரிச்சிடும். நான் இங்கருந்து, "ஏண்டி, டாக்டரம்மாவுக்கும் கொஞ்சம் மிச்சம் வை"ன்னு கத்துவேன்.

மூணாவது தடவை தங்குனப்ப அவ யார்கிட்டயும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சிடுச்சு. டீயக் கையில வாங்கிட்டு குடிக்காமலே வச்சா, ரெண்டு நாள். மூணாவது நாள் நான் கேட்டேன், "எத்தனாவது வாரம்டி?"

"அஞ்சு வாரம் ரெண்டு நாள். வாயத் திறக்காதீங்கக்கா."

திறக்கல. என் வாழ்க்கையிலயே நான் வாய மூடிக்கிட்டு இருந்த மூணு வாரம் அதுதான். எட்டு முடிஞ்சு ஒம்பது வந்த அன்னிக்கு அவ என் மேஜைக்கு வந்து என் கையப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டுப் போனா. எனக்குத் தலைகால் புரியல. அன்னிக்கு வந்தவங்க ஒருத்தரையும் நான் திட்டல.

அதுக்கப்புறம் அவ வயித்துக்குள்ள நடக்கிறது எனக்கு மனப்பாடம். பத்தாவது வாரம் கண்ணு இமை ரெண்டும் ஒட்டி மூடிக்கும்னு சொன்னா. "மூடிக்குமா? எப்ப திறக்கும்?"னேன். "இருபத்தாறு, இருபத்தேழுல திறக்கும்கா. அதுவரைக்கும் உள்ளுக்குள்ள கண்ணு மெதுவா உருவாகிட்டு இருக்கும்." பதினெட்டாவது வாரத்துல ஒரு நாள் டைப் அடிக்கிற சத்தம் பாதி வார்த்தையில நின்னுடுச்சு. என்னமோ ஏதோன்னு ஓடிப் போய்ப் பாத்தேன். கீபோர்டு மேல கை அப்படியே நிக்குது, கண்ணு நிறையத் தண்ணி. "அசைஞ்சுதுக்கா"ன்னா. இருபத்திமூணுல விரல் நுனியில ரேகை விழுந்துடுச்சுன்னு அவ விரலையே எனக்குக் காட்டுனா. "இந்த உலகத்துல வேற யாருக்கும் இல்லாத ரேகைக்கா அது." எனக்குச் சுருக்குன்னுச்சு. என் மூணு பிள்ளைங்க வயித்துல இருந்தப்ப எந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு ஒண்ணும் தெரியாமலே பெத்துப் போட்டேன்.

அவ லீவுல போனா டைப் அடிக்க ஆள் வேணுமே, அதனால ஓய்ஞ்ச நேரத்துல எனக்குச் சொல்லிக் குடுத்தா. எனக்கு ஒத்த விரல்தான் ஓடும். அவ கோவிச்சுக்காம சிரிப்பா. ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பு. "அக்கா, எத வேணா தப்பா அடிங்க, பேரத் தப்பா அடிச்சாக் கூடத் திருத்திக்கலாம். நடுவுல இருக்கிற அந்த ஒரு வரிய மட்டும் ரெண்டு தடவை படிங்க. அது தானா வந்து உட்கார்ந்திருக்கும்."

"சரிடி தாயே, நூறு தடவை சொல்லிட்ட"ன்னு அலுத்துக்கிட்டேன்.

இருபத்தாறாவது வாரம் ஆரம்பிச்சுது. "கண்ணத் திறக்கிற வாரம்கா"ன்னு திங்கக்கிழமை வந்து சொல்லுவான்னு காத்திருந்தேன். வந்தா. உட்கார்ந்தா. பதினோரு ரிப்போர்ட் அடிச்சா. அப்புறம் என்கிட்ட வந்து, "நேத்து சாயங்காலத்துலருந்து அசையலக்கா"ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தூங்குதுடி. உன் வீட்டுக்காரர் மாதிரியே அழுத்தம் போல"ன்னேன். இந்த நாக்க அறுத்துப் போட்டாலும் தகும்.

அவ சிரிக்கல. உள்ள போனா. டாக்டரம்மா கையில இருந்த வேலைய முடிச்ச உடனே அவளப் படுக்க வச்சாங்க. "நீ போய் அவ இடத்துல உட்காரு"ன்னு என்கிட்ட சொன்னாங்க. நானும் உட்கார்ந்தேன். நாற்காலி அவ சூட்டோட இருந்துச்சு. முன்னாடி வந்த பொண்ணோட ரிப்போர்ட் திறந்தே இருந்துச்சு. பேர மாத்துனேன். ஒத்த விரல்ல அவ பேர அடிச்சேன். வயசு முப்பத்தஞ்சு. வாரம் இருபத்தாறு.

திரைக்கு அந்தப் பக்கம் தலை அளவு வந்துச்சு, அடிச்சேன். வயிறு வந்துச்சு, தொடை எலும்பு வந்துச்சு. அப்புறம் குரலே வரல. நான் திரையவே பாத்துக்கிட்டிருக்கேன். ரொம்ப நேரம் கழிச்சு டாக்டரம்மா அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி அவங்க அவளப் பேர் சொல்லி நான் கேட்டதே இல்ல, "ஏம்மா"ன்னுதான் கூப்பிடுவாங்க.

"நின்னுபோச்சும்மா. நேத்தே நின்னிருக்கணும்."

அவ அழுற சத்தம் கேக்கல. அதான் எனக்குத் தாங்க முடியல. டாக்டரம்மா வெளிய வந்து, "கீழ, முடிவுல இத அடி, துடிப்பு இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பணும்"னு ரெண்டு வரி சொன்னாங்க. அடிச்சேன். எழுத்து தெரியல, கண்ணுல தண்ணி மறைக்குது. பிரிண்ட் எடுத்தேன். டாக்டரம்மா கடைசி வரிய மட்டும் பாத்துக் கையெழுத்துப் போட்டாங்க. எடுத்துக்கிட்டுப் போய் அவ கையில குடுத்தேன். ஹால்ல, அந்தக் கால் ஆடுற நாற்காலியில உட்கார்ந்திருந்தா.

அவ கண்ணு பழக்கத்துல எங்க போகும்? நேரா நடுவுல போச்சு.

எந்திரிச்சு நின்னுட்டா. அந்த முகத்த நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். "அக்கா, இருக்குன்னு போட்டிருக்கே"ன்னா. வரி மேல விரல வச்சு எனக்குக் காட்டுனா. 'இதயத் துடிப்பு சீராக உள்ளது.'

இவ்வளவு பெரிய வாய் வச்சிருக்கேனே, ஒரு வார்த்தை வரல. அந்த வரி அங்க எப்படி வந்துச்சுன்னு இந்தக் கட்டடத்துலயே அவளவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு? நூறு தடவை எனக்குச் சொன்னவ அவதானே? அவளே நம்பிட்டா.

காலையிலயே அவ போன் பண்ணியிருப்பா போல, அந்த நேரம் பாத்து அவ வீட்டுக்காரர் படியேறி ஓடி வந்தாரு. வேலையில இருந்து அப்படியே வந்திருக்காரு, கையெல்லாம் கிரீஸ். "என்னாச்சு?"ன்னாரு.

"இருக்குங்க. ரிப்போர்ட்ல இருக்கு. டாக்டரம்மா சரியாப் பாக்கல போல"ன்னு அவர்கிட்ட தாள நீட்டுனா. அவரு படிச்சாரு. கீழ வரைக்கும் படிக்கல, அவ விரல் வச்ச இடத்த மட்டும் படிச்சாரு. சிரிச்சாரு. "நான் என்னமோன்னு பயந்துட்டேன்"னு சொல்லி அங்கயே சுவத்துல சாஞ்சுக்கிட்டாரு.

டாக்டரம்மா தாள வாங்கிப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. என்னைத் திட்டல. "வாம்மா, இன்னொரு தடவை பாப்போம்"னு அவளக் கூட்டிட்டுப் போனாங்க. அஞ்சு நிமிஷம். ஹால்ல இருந்த பொண்ணுங்க யாரும் எனக்கு முன்னாடி எத்தன பேருன்னு கேக்கல. அவரு கிரீஸக் கைக்குட்டையில துடைச்சுக்கிட்டே திரையப் பாத்துட்டு நின்னாரு. அப்புறம் அவ குரல் வந்துச்சு, ரொம்ப மெதுவா.

"கண்ணத் திறந்திருந்துச்சா டாக்டர்?"

"அது இதுல தெரியாதும்மா."

அதுக்கப்புறம்தான் அழுதா. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

வேற தாள் அடிச்சுக் குடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வலி வர வச்சு, மத்தவங்க பெத்தெடுக்கிற மாதிரியே அவளும் பெத்தா. பொண்ணு. எண்ணூறு கிராம் கூட இல்லன்னு அவ வீட்டுக்காரர் போன்ல சொன்னாரு, சொல்லிட்டு வச்சிட்டாரு. நான் போய்ப் பாக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? செத்ததுக்கு நான் காரணமில்லன்னு டாக்டரம்மா பத்து தடவை சொன்னாங்க. அது தெரியும். ஆனா ஒரு தாய்க்கு ஒரே நாள்ல ரெண்டு தடவை அத சாகடிச்சுக் காட்டுனது நான்தானே? தப்பா அடிச்ச தாளக் கிழிச்சுப் போடலாம்னு தேடுனேன். மேஜைக்கு அடியில, குப்பைக் கூடையில, பிரிண்டருக்குப் பின்னாடி, எங்கயும் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு அவ வேலைக்கு வந்தா. இளைச்சுப் போயிருந்தா. என்னப் பாத்து, "டோக்கன் ஆரம்பிச்சாச்சாக்கா?"ன்னு கேட்டா, நேத்துதான் போயிட்டு வந்தவ மாதிரி. போய் உட்கார்ந்தா. யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர்ல கடைசியா வந்த பொண்ணோட ரிப்போர்ட்டத் திறந்து நடுவுல இருந்த அந்த வரிய அழிச்சா. வெறும் இடமா விட்டுச் சேமிச்சா.

"இனிமே ஒவ்வொரு தடவையும் இத அழிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணும்கா. டாக்டரம்மா வாயால சொன்னப்புறம் புதுசா அடிப்போம்."

"நாப்பது பேருக்கும் அடிக்கணுமேடி, விரல் ஒடிஞ்சிடும்"னேன். இந்த வாய் அடங்குதா பாருங்க.

"ஒடியட்டும்"னா.

எனக்கு அதுக்கு மேல தாங்கல. அவ கையப் பிடிச்சுக்கிட்டேன். "என்ன மன்னிச்சிடுடி. நூறு தடவை சொன்னியே, நான் படிக்கலியே. அந்தப் பாழாப்போன தாளக் கிழிக்கலாம்னு பாத்தாக் கூடக் கிடைக்கல"ன்னு அழுதேன். ஹால்ல உட்கார்ந்திருந்த பொண்ணுங்க எல்லாம் என்னையே பாக்குறாங்க. பாக்கட்டும்னு விட்டுட்டேன்.

"அது எங்க வீட்டு பீரோவுல இருக்குக்கா"ன்னா.

"அத எதுக்குடி வச்சிருக்க? கிழிச்சு எறி."

அவ மாட்டேன்னு தலையாட்டுனா. "பொறந்த சர்டிபிகேட் குடுக்கல, போட்டோ எடுக்கல. அவ உயிரோட இருக்கான்னு எழுதுனது அந்த ஒரு தாள்தான்கா."

அப்புறம் கையை விடுவிச்சுக்கிட்டு, அடுத்த பொண்ண உள்ள அனுப்பச் சொன்னா. அனுப்புனேன். பன்னெண்டு வாரம், முதல் பிள்ளை. திரைக்குப் பின்னால டாக்டரம்மா அளவுகளச் சொல்லச் சொல்ல, கீபோர்டு சத்தம் கேட்டுச்சு. நடுவுல நின்னுச்சு. "இதயத் துடிப்பு இருக்கும்மா, நல்லா இருக்கு"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா அடிக்க ஆரம்பிச்சா.